இரண்டாவது கேபிள்

என் நாத்தனார் எதையும் மறக்க மாட்டாள். எங்களுக்குள் நடக்கும் சண்டைக்கே அதுதான் காரணம். கல்யாணமான புதிதில் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையை, கிழமை, அன்றைக்கு நான் கட்டியிருந்த புடவையின் நிறம் சகிதம் இன்றைக்கும் திருப்பிச் சொல்வாள். வாசல் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். நாலடி போனதும் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்ப மறந்துவிட்டாள் என்று ஒரு மருத்துவமனையே சேர்ந்து சொன்னால், நான் மருத்துவமனையைத்தான் சந்தேகப்படுவேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது அதே மருத்துவமனையில்தான். அவள் லேப் டெக்னீஷியன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை அவள் பொறுப்பு. அந்த மேசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. நான் நெட்வொர்க் பிரிவில் இஞ்சினியர். லேப் புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து, அவள் அனுப்பிய ரிப்போர்ட்டுகள் பழைய கட்டடத்தில் இருக்கும் ஐ.சி.யு.வுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் மட்டும்தான். பக்கத்து மேசைக்காரர்கள் அனுப்புவதெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அவள் கணினித் திரையோ ஒவ்வொரு முறையும் "அனுப்பப்பட்டது" என்று காட்டியது. மற்ற எல்லாமே அவள் கணினியில் வேலை செய்தது, மெயில் உட்பட.

ஒரு நோயாளிக்கு ரத்தம் உறையும் கணக்குத் தெரியாமல் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதாகிவிட்டது. ஐ.சி.யு.வின் பெரிய டாக்டர் அவளை வரவழைத்து, நர்சுகளும் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் பார்க்க, "வேலையையும் செய்ய மாட்ட, பொய்யும் சொல்லுவியா?" என்று கத்தினார். அடுத்து விசாரணை. இயக்குநர் அறையில், மறுநாள் காலை. மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் வேலை போய்விடும். பொய் சொல்லி நீக்கப்பட்ட டெக்னீஷியனை வேறு எந்த லேபும் சீண்டாது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் கணவர் தங்கைக்குப் புத்தி சொன்னார்.

"ஒரு வார்த்தை தானேம்மா. மறந்துட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எதுக்கு வீம்பு?"

"நான் மறக்கலண்ணா."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்காகச் சொல்லேன்."

"அவங்களுக்காகப் பொய் சொல்லணுமா? பொய் சொன்னேன்னு தானே என்னை வெளிய அனுப்பறாங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் நாத்தனாருக்கு எதிர்க்கட்சி. அன்றைக்கு எனக்கு என்னவோ பற்றிக்கொண்டு வந்தது.

"அவ சொல்ல வேணாம்," என்றேன். "அவ ஒத்துக்கிட்டா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

நாத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணி, நீங்க ஒண்ணும் எனக்காகப் பேச வேண்டாம்," என்றாள். உதவிக்கு வந்தவளை அடுத்த நொடியே கடித்துத் துப்ப அவளால்தான் முடியும். ஆனால் கழுவிய தட்டையே அவள் மறுபடி மறுபடி கழுவியதைப் பார்த்தேன். அவளுக்குப் பயம்தான். பயந்துகொண்டே முடியாது என்கிறாள். எனக்கு அவள் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. வந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அவளோடு லேபுக்குப் போனேன். அவள் கணினியிலிருந்து மெயில் சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வந்தது. ஐ.சி.யு. சர்வரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கத்து மேசைக் கணினியிலிருந்து அதே ஐ.சி.யு. சர்வரைக் கூப்பிட்டேன், உடனே பதில். திரும்ப அவள் கணினிக்கு வந்து, நெட்வொர்க்கில் அதற்கென்று கொடுத்திருக்கும் எண்ணை மட்டும் மாற்றினேன். அதே கணினி, அதே ஒயர், எண் மட்டும் வேறு. ஐ.சி.யு. சர்வர் "இதோ இருக்கிறேன்" என்றது. பழைய எண்ணைப் போட்டேன், மறுபடி ஊமையாகிவிட்டது.

இப்படி எண் பார்த்து ஆளை ஒதுக்குகிற இடம் இந்தப் பாதையில் ஒன்றுதான் இருக்கிறது.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். லேபில் இருக்கும் கணினிகளெல்லாம் ஒரு சுவிட்சில் வந்து சேரும். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. வரிசையாகப் பல ஒயர்கள் செருகிய பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து பழைய கட்டடத்தின் பெரிய பெட்டிக்குத் தகவல் போக வேண்டும். ஒரு கேபிள் போதாது, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்க வேண்டும் என்பதற்காக இரண்டு கேபிள் போட்டு, இரண்டையும் ஒரே கேபிளாக நினைத்துக்கொள் என்று பெட்டிகளுக்குச் சொல்லிவைப்போம். இரண்டு கேபிள் என்றால் எல்லாமே இரண்டு மடங்கு வேகத்தில் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கணினி ஒரு சர்வரோடு பேசுகிற பேச்சு முழுவதும் ஒரே கேபிளில்தான் போகும். பாதியை இதிலும் பாதியை அதிலும் அனுப்பினால் முன்னது பின்னதாகிப் பேச்சு குழம்பிவிடும். அதனால் பெட்டி, அனுப்புகிறவரின் எண்ணையும் பெறுகிறவரின் எண்ணையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடும். நீ முதல் கேபிள், நீ இரண்டாவது கேபிள் என்று பிரித்துவிடும். எண்கள் மாறாத வரை அந்தத் தீர்ப்பும் மாறாது.

இப்போது இரண்டாவது கேபிள் போகிற இடம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேபிள் கிடைத்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது கிடைத்தவர் அனுப்புவது ஒவ்வொரு முறையும் தொலையும். அவரே வேறொரு சர்வரோடு பேசினால் கணக்கு மாறி முதல் கேபிளில் போய்விடும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆகவே ஊரே அவரைப் பார்த்து, "எங்களுக்கெல்லாம் போகுதே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கும்.

லேப் சுவிட்ச் எண்ணிவைத்திருக்கும் போக்குவரத்துக் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தேன். முதல் கேபிளில் போனதும் நிறைய, வந்ததும் நிறைய. இரண்டாவதில் போனது குறைவு, அவள் ஒருத்தியின் பேச்சு அளவுதான். வந்தது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்தில் கேட்க ஆளே இல்லாமல் பெட்டி தானாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

நேராக என் துறைத் தலைவரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பச்சை விளக்கு. எந்தக் கோளாறைச் சொன்னாலும் பெட்டியின் முன் போய் நிற்பார், கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார், எரிந்தால் கோளாறே கிடையாது என்று திரும்பிவிடுவார். புதுக் கட்டடத்து இணைப்பை அவரே தன் கையால் செய்தார்.

"ரெண்டும் பச்சையா எரியுது. நானே பாத்தேன்," என்றார்.

"எரியும் சார். அந்தப் பக்கம் கரண்டு இருக்கிற ஏதாவது ஒரு பெட்டியில மாட்டியிருந்தா எரியத்தான் செய்யும். அது நம்ம பெட்டிதானான்னு யாரு கேட்டா?"

கேட்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. எல்.ஏ.சி.பி. என்று அதற்குப் பெயர். அதைப் போட்டுவைத்தால் இரண்டு முனைகளும் ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்: நான் இன்ன பெட்டி, நீ யார், இரண்டு கேபிளிலும் இருப்பது நீயேதானா? சரியான பதில் வராத கேபிளைச் சேர்த்துக்கொள்ளாது. கட்டடம் திறப்பதற்கு முன் அந்த விசாரிப்பு ஏனோ ஒத்துவரவில்லை. இரண்டாவது கேபிள் சேர மறுத்தது. திறப்பு விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று பச்சை விளக்கு விசாரிப்பையே நிறுத்திவிட்டு, கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள் என்று இரண்டு பக்கமும் கட்டளை போட்டுவிட்டார். சேர மறுத்ததே ஒரு பதில் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அந்த விசாரிப்பத் திரும்பப் போடலாம் சார். இல்லன்னா பழைய கட்டடத்து ஒயர் அறைச் சாவியக் குடுங்க, போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"வேல நேரத்துல யாரும் எதையும் தொடக்கூடாது. எல்லாருக்கும் போகுது, ஒருத்திக்கு மட்டும் போகலைன்னா கேபிளா காரணம்?"

"ஒருத்திக்கு மட்டும் போகாததுதான் சார் காரணம் கேபிள்ங்கிறதுக்கே அடையாளம்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அவ உங்க நாத்தனார் தானே? சொந்தக்காரங்களுக்காக என் நெட்வொர்க்க குத்தம் சொல்லாதீங்கம்மா. நல்லா இருக்காது."

சொந்தத்துக்காகவா? அந்தச் சொந்தத்தோடு ஒரு மணி நேரம் ஒரே அடுக்களையில் நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். நாக்கு நுனி வரை வந்ததை மென்று விழுங்கினேன். விசாரணை தொடங்கும் நேரம் ஆகியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில். அவரும் எழுந்து விசாரணைக்குத்தான் கிளம்பினார், நெட்வொர்க்கில் குறை ஒன்றும் இல்லை என்று சாட்சி சொல்ல.

இயக்குநர் அறை புதுக் கட்டடத்திலேயே, லேபுக்கு எதிர்வரிசையில். வெளியே நடைபாதைச் சுவரில்தான் லேப் சுவிட்ச் இருக்கும் இரும்பு அலமாரி. என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் ஓரமாக நின்றுகொண்டேன். இயக்குநர் மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பச்சை விளக்கோடு வந்தவள் என்று நினைத்திருப்பார், ஒன்றும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் நடுவில், கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாங்க யாரும் உன்ன வேலைய விட்டு அனுப்பணும்னு நெனைக்கல," என்றார் இயக்குநர். குரலில் தேன் வழிந்தது. "வேல அதிகம், மறந்துபோச்சு. மனுஷங்களுக்கு நடக்கறதுதான். அத மட்டும் சொல்லு."

"அனுப்பினேன் மேடம்."

"எல்லாரோடதும் வருது. உன்னோடது மட்டும் வரல."

"அது ஏன்னு எனக்குத் தெரியல மேடம். ஆனா நான் அனுப்பினேன்."

"சார், நெட்வொர்க்ல ஏதாவது?" என்று இயக்குநர் திரும்பினார்.

"எல்லாம் பச்சை மேடம்," என்றார் அவர்.

"கடைசியாக் கேக்கறேன்மா. மறந்துட்டேன்னு சொல்றியா, இல்லையா?"

அவள் எழுந்து நின்றாள். "சொல்ல மாட்டேன் மேடம். வேலைய எடுத்துக்கோங்க. என் வாயால அந்தப் பொய்ய வாங்க முடியாது."

அதற்கு மேல் என்னால் ஓரமாக நிற்க முடியவில்லை.

"மேடம், எல்லாரும் கதவு வரைக்கும் வாங்க. ஒரு கேபிளப் புடுங்கப் போறேன்."

அறையில் ஒரு நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. நான் வெளியே போய் அலமாரிக் கதவைத் திறந்தபோதுதான் பச்சை விளக்கு ஓடி வந்தார்.

"தொடாத! லேப் மொத்தமும் நின்னு போயிடும்! வேல போயிடும் உனக்கு!"

மரியாதை போய் ஒருமைக்கு வந்துவிட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "போகட்டும் சார். ஒரே நாள்ல வீட்டுல ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம். அது நீங்க தர்ற தண்டனைய விடப் பெருசு, எங்க வீட்டுக்காரர் பாவம்."

இரண்டு கேபிள்களும் அடுத்தடுத்து, இரண்டின் மேலும் பச்சை. காலையில் நாங்கள் இருவர் மட்டும் வந்தபோதே இதைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியிருந்தால், இன்றைக்குத்தான் ஒழுங்காக அனுப்பினாள் பார் என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இத்தனை பேர் கண் முன்னால். இரண்டாவது கேபிளின் கொக்கியை அழுத்தி இழுத்தேன். ஒரு பச்சை அணைந்தது.

லேப் நிற்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிற ஒரே கேபிளில் எல்லோருடைய பேச்சும் போகத் தொடங்கியிருந்தது.

நான் நினைத்திருந்தது இவ்வளவுதான்: நாத்தனாரை உட்காரவைத்து ஒரு ரிப்போர்ட் அனுப்பச் சொல்வது, அது போய்ச் சேருவதைக் காட்டுவது. அவளைத் திரும்பிக் கூப்பிடுவதற்குள் பெரிய டாக்டரின் கைபேசி அடித்தது. ஐ.சி.யு.வின் தலைமை நர்ஸ். அந்தம்மா பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"டாக்டர், லேப்ல என்ன பண்றாங்க? பிரிண்டர் நிக்கவே மாட்டேங்குது! ரிப்போர்ட்டா வந்து கொட்டுது. எல்லாம் ரத்தம் உறையறது. எல்லாம் பழைய தேதி!"

இதை நானே எதிர்பார்க்கவில்லை. நான் நெட்வொர்க்காரி, அந்த ரிப்போர்ட் மென்பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியதும் "அனுப்பப்பட்டது" என்று சொல்லிவிட்டு, போகாதவற்றையெல்லாம் தூக்கிப் போடாமல் உள்ளே அடுக்கிவைத்து, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. வழி திறந்ததும் அவள் அனுப்பிய அத்தனையும் கிளம்பிவிட்டன, அனுப்பிய தேதியும் நேரமும் ஒவ்வொன்றின் தலையிலும்.

"அந்த ஆபரேஷன் தள்ளிப்போன நோயாளியோடது இருக்கா பாருங்க," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "இருக்கு டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தின நாளே அனுப்பியிருக்காங்க."

நாத்தனார் அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

இயக்குநர் சாவியை வாங்கி, பழைய கட்டடத்து ஒயர் அறையைத் திறக்கவைத்தார். எல்லோருமே போனோம். இரண்டாவது கேபிள் பெரிய பெட்டிக்குப் போகவில்லை. அதற்குக் கீழ்த்தட்டில் இருந்த பழைய பெட்டியில் செருகியிருந்தது. புதுக் கட்டடம் வந்ததும் ஓய்வு கொடுத்த பெட்டி. மற்ற ஒயர்களையெல்லாம் உருவிவிட்டு மின்சாரத்தை மட்டும் நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். பிடுங்கிய கேபிளை நான் திரும்பப் போய்ச் செருகிவிட்டு வந்தால், அது மறுபடியும் அங்கே பச்சையாகத்தான் எரியும்.

"நேரம் கெடைக்கும்போது கழட்டிக்கலாம்னு..." என்று ஆரம்பித்த பச்சை விளக்கு, முடிக்கவில்லை.

இயக்குநர் நிலைமையைப் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர். அங்கேயே முடித்துவிடப் பார்த்தார். "சரி, விஷயம் தெரிஞ்சு போச்சு. இது தொழில்நுட்பக் கோளாறு. யாரோட தப்பும் இல்ல. நீ போய் வேலையப் பாரும்மா. விசாரணை முடிஞ்சுது."

எல்லோரும் கலைய எத்தனித்தார்கள். நாத்தனார் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரோட தப்பும் இல்லையா மேடம்?"

"அதான் சொன்னேனே, கோளாறு..."

"காலையில வரைக்கும் இது ஒரு ஆளோட தப்பா இருந்துச்சு. அந்த ஆளுக்கு ஒரு மேசை இருந்துச்சு, ஒரு முகம் இருந்துச்சு. எல்லாரும் கைய நீட்டிக் காட்டினீங்க. இப்போ உங்க பக்கம் திரும்பினதும் ஆளே இல்லாத தப்பாயிடுச்சா?"

இயக்குநர் பச்சை விளக்கைப் பார்த்தார். அவர் பெட்டியைப் பார்த்தார். பெட்டி யாரையும் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். மனிதர் கர்வி, ஆனால் கோழையில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நான்தான் கத்தினேன்," என்றார். "மன்னிச்சிடும்மா."

"இங்க வேண்டாம் டாக்டர். இங்க யாரு இருக்காங்க? நீங்க கத்தினது ஐ.சி.யு. வாசல்ல."

இயக்குநர் "அம்மா, அதெல்லாம்..." என்று இழுத்தார். நான் நாத்தனார் பக்கத்தில் போய் நின்றேன். வாசல் இன்னும் கொஞ்சம் அடைபட்டது. நான் அங்கே நிற்பது அவளுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. தோளால் இடித்து எனக்கு இடம் மட்டும் விட்டாள்.

டாக்டர் தலையாட்டினார். மாடிப் படியில் அவர் முன்னால் ஏற, அவள் பின்னால், நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால். ஐ.சி.யு. வாசலில் பெஞ்சு நிறைய நோயாளிகளின் சொந்தக்காரர்கள். நர்சுகளின் மேசையில் பிரிண்டர் துப்பிய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அந்த மேசைக்கு முன்னால் நின்றார்.

"இவங்க ரிப்போர்ட் அனுப்பலைன்னு இங்க நின்னு சொன்னேன். பொய் சொல்றாங்கன்னும் சொன்னேன். இவங்க எல்லாத்தையும் அனுப்பியிருக்காங்க. தப்பு எங்க மேல."

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்திலிருந்த இரண்டு நர்சுகள் நிமிர்ந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் என்ன ஏதென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாத்தனார் நகரவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சத்தம் பத்தல டாக்டர். அன்னைக்கு லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு."

பெரிய டாக்டர் பெஞ்சுப் பக்கம் திரும்பி நின்று, குரலை உயர்த்தி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.